அரிசி மூட்டை விறைக்காது

இந்தப் பக்கம் வந்து உக்காருங்க அம்மணி. அங்க ஏசித் தண்ணி சொட்டும். போன மாசம் ஒருத்தர் தலைல சொட்டி, அவரு மாடில யாரோ குளிக்கறாங்கன்னு மேனேஜர்கிட்ட சண்டைக்குப் போயிட்டாரு. தம்பிக்கு என்ன வயசு? பதினாலு மாசமா. முதல் தடவை வர்றீங்கன்னு பாத்ததுமே தெரிஞ்சுதுங்க. ஃபைலை நெஞ்சோட அணைச்சுட்டு வந்தீங்க பாருங்க. அதைக் கீழ வைங்க. தெரபி குடுக்கற ஜெசிந்தா மேடம் ஃபைலெல்லாம் பாக்க மாட்டாங்க, காலைப் புடிச்சு ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு அவங்களே சொல்லிருவாங்க. பத்து மணிக்குன்னு உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்க. நம்பாதீங்க. பத்தரை ஆகும்.

என்ற பாப்பாவா? அவ இன்னிக்கு வரலீங்க. பேரு வர்ணிகா, பத்து வயசு. உங்க தம்பிக்கு இருக்கிற அதே விறைப்புதான், இவளுக்குக் கொஞ்சம் எச்சு. கை, காலு, கழுத்து, எல்லாம். இடது கை மட்டும் சொன்ன பேச்சுக் கேக்கும். வாய்ப்பேச்சு கிடையாது. ஆனா புத்தி எனக்கும் அவங்கப்பனுக்கும் சேத்து இருக்குது. கண்ணை மேல தூக்கினா ஆமாம். கண்ணை மூடினா இல்லை. இந்த ரெண்டையே வெச்சுட்டு ஊட்டுல எல்லாரையும் ஆட்டி வெக்கறா.

எங்க இருக்கான்னு கேக்கறீங்களா? இப்ப மணி பத்தடிக்கப் போகுது. இந்நேரம் திம்பம் மலைல ஏழாவது வளைவோ எட்டாவது வளைவோ ஏறிட்டு இருப்பா. பைக்ல.

அப்படிப் பாக்காதீங்க. நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரி இல்ல. எனக்கு பயமும் கிடையாது. போனை கைல வெச்சிருக்கேனே, அது மணி பாக்கறதுக்கு.

நான் பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கேனுங்க, பதினாறு வருஷமா. தைச்ச பீஸ் மேசைக்கு வரும், புரட்டிப் பாக்கோணும். ஓட்டை, கறை, தையல் விட்டது, எது இருந்தாலும் அந்த எடத்துல சின்னதா ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி அக்கட்டால தள்ளிரோணும். ரிஜெக்ட் பண்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம். என்ற கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் கப்பல் ஏறினதில்லை. கல்யாணத்துக்கு மூணு வருஷம் முன்னாடியே இந்த வேலைல இருந்தேன். அப்படி இருந்தும் என்ற ஊட்டுக்காரரை எப்படிப் பாஸ் பண்ணினேன்னு எனக்கே தெரியல.

நல்ல மனுசன்தான். நிட்டிங் மெஷின் பிட்டர். எந்த மெஷின் நின்னாலும் அவரைத்தான் கூப்பிடுவாங்க. ஆனா ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பைக் வாங்கினாரு பாருங்க, அன்னிக்குப் புடிச்சது கெரகம். சாதாரண பைக்கு இல்லையாம், டூரிங் வண்டியாம். ரெண்டு பக்கமும் பொட்டி, பின்னாடி ஒரு பொட்டி. லடாக் போறதுக்காம். ஆறு வருஷத்துல அந்த வண்டி போன பெரிய தூரம் பழனி. அதுக்கு ஒரு கிளப் வேற. நொய்யல் ரைடர்ஸ். எட்டுப் பேரு, எட்டுத் தொப்பை. சித்திரை வெயில்ல கறுப்பு ஜாக்கெட்டு, கையுறை, முட்டிக்குக் கவசம். ரைடுன்னு பேருதான், அம்பது கிலோமீட்டர் போய் புரோட்டா தின்னுட்டுத் திரும்பி வர்றது. ஊட்டுல கேட்டா சாப்பாடு வேண்டாங்கறது.

சாயங்காலம் ஆறரைக்கு அந்த வண்டிச் சத்தம் தெருமுனைல கேட்டாப் போதும், இவ பலகையாட்டம் விறைச்சுக்குவா. தலை பின்னாடி போயிரும், காலு ரெண்டும் நீட்டிக்கும், ஊட்டிட்டு இருந்த சோறு என்ற மூஞ்சிலதான் வந்து விழும். குழந்தை பயப்படுதுங்க, அந்த சைலன்சரை மாத்துங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அவரு இளிப்பாரு. என்ன இளிப்போ.

போன ஆடில கிளப்புல குடும்பத்தோட ஒரு ரைடு வெச்சாங்க. அவங்கவங்க புள்ளைங்களைப் பின்னாடி உக்கார வெச்சுட்டுப் போனாங்க. இவரு மட்டும் தனியாப் போயிட்டு வந்தாரு. வந்தவரு சாப்பிடல. அடுத்த நாள் நான் சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாக்கறேன், என்ற டேப்பை எடுத்துப் பாப்பாவை அளந்துட்டு இருக்காரு. எதுக்குங்க அளக்கறீங்கன்னேன். சும்மான்னாரு. சும்மா அளக்கறதுன்னு உலகத்துல ஒண்ணு உண்டுங்களா? டேப் எடுத்தாலே ஆர்டர் வந்திருக்குன்னு அர்த்தம்.

ஒரு வாரம் கழிச்சு முதல் சாம்பிள் வந்துச்சு. நாலு காலையும் அறுத்த பிளாஸ்டிக் சேரு. அதைப் பின் பொட்டி இருந்த எடத்துல போல்ட் போட்டு முடுக்கியிருந்தாரு. நான் பையில இருந்து ஸ்டிக்கரை எடுத்தேன். அறுத்த ஓரம், போல்ட் தலை, கையப் புடிக்க ஒண்ணுமில்ல, கழுத்துக்கு ஒண்ணுமில்ல. பதினேழு அம்பு. அவரு நின்னு எண்ணிப் பாத்துட்டு, இது சாம்பிள்தானே கோகிலவாணின்னாரு.

ரெண்டாவது சாம்பிள் பரவாயில்லை. நூல் ஸ்டாண்டுக் குழாயை வளைச்சு முதுகுச் சட்டம், அதுல ஆட்டோ சீட்டுக்காரர்கிட்டக் குடுத்து மெத்தை, தலைக்கு ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்து ஒரு தலையணை. அதுக்கு ஒம்பது அம்பு. அந்த வாரம்தான் ஒரு கூத்து நடந்துச்சு. நான் பாப்பாவை இடுப்புல வெச்சுட்டே சீட்டைச் செக் பண்ணிட்டு, அப்படியே அவளை அவங்கப்பன்கிட்டக் குடுத்துட்டு வேலைக்கு ஓடினேன். கம்பெனில காலைல இருந்து எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க. மத்தியானம் சோத்து நேரத்துல சூப்பர்வைசர் வந்து என்ற முதுகுல இருந்து எடுத்துக் காட்டறா, நாலு சிவப்பு அம்பு. இவருதான் ஒட்டியிருப்பாருன்னு நான் ரெண்டு நாள் அவருகிட்டப் பேசவே இல்ல. இன்னிக்கு வரைக்கும் மனுசன் ஒத்துக்கல. அன்னிக்குச் சாயங்காலம் நான் அவரைத் திட்டத் திட்ட பாப்பாவுக்கு ஒரே சிரிப்பு. இடது கை வெரல்ல பசை ஒட்டிட்டு இருந்துச்சு, அதைத் தொடைச்சு விட்டுட்டே திட்டினேன்.

எதிர் ஊட்டு லோகநாயகியக்கா வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து, நாய் வாங்கப் போறீங்களா, அதை உக்கார வெக்கவான்னு கேட்டுச்சு. ஆமாங்க்கா, எதிர் ஊட்டுக்காரங்களைப் பாத்துக் கடிக்கிற நாயாத் தேடிட்டு இருக்கோம்னேன். அப்புறம் அது வரல.

மூணாவது சாம்பிளுக்கு பெல்ட் நான் தைச்சேன். வேற யாருகிட்டயும் குடுக்க எனக்கு மனசு வரல. பேக் தைக்கிற கம்பெனில இருந்து பட்டைத் துணியும் கிளிப்பும் வாங்கி, பெட்டித் தையல் போட்டு நடுவுல குறுக்கு அடிச்சேன். அந்தத் தையல்ல ஒரு ஆளைத் தொங்க விடலாம். நெஞ்சுக்கு நல்லா இறுக்கமா ஒண்ணு, சாயாம இருக்கோணும்ல. இடுப்புக்கு ஒண்ணு, அதைக் கொஞ்சம் லூசா விட்டேன். எலும்பும் தோலுமா இருக்கிற இடுப்பு, அழுத்தினா வலிக்குமேன்னு.

அப்புறம் டெஸ்ட்டு. பாப்பா பத்தொம்பது கிலோ. ஊட்டுல இருந்த அரிசி மூட்டை இருபது கிலோ. அதை சீட்டுல உக்கார வெச்சு, பெல்ட்டை மாட்டி, மேல ஒரு ஹெல்மெட்டும் கவுத்தி, காங்கயம் ரோட்டுல நாப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்தாரு. ஸ்பீட் பிரேக்கர் எல்லாத்துலயும் வேணும்னே ஏத்தி எறக்கினாராம். ஒரு இம்மி அசையல மூட்டை. சாக்குல ஒரு தையல் விடல. அந்த அரிசியைத்தான் ஒரு மாசம் சாப்பிட்டோம். நான் முன்னாடி பின்னாடி புரட்டிப் பாத்தேன், ஒரு அம்பு ஒட்ட எடம் கிடைக்கல. பாஸுன்னேன்.

கேட்டுக்கங்க அம்மணி. பாஸ் பண்ணினது நான்.

தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. பண்ணாரி கோயில் வரைக்கும் போறதுன்னு ஏற்பாடு. பாப்பாவுக்கு சின்ன ஹெல்மெட்டு, எடை கம்மியானதாத் தேடிப் புடிச்சது. கிளப்புக்காரங்க ஒருத்தரோட வேன்ல நான் பின்னாடி. அவிநாசி தாண்டற வரைக்கும் நல்லாத்தான் போச்சு. அவ தலை அப்படியே தலையணைக்குள்ள ஆடாம இருந்துச்சு. டிரைவர் தம்பிகிட்டக்கூடச் சொன்னேன், என்ற தையல்னு. புளியம்பட்டி தாண்டி நேரா ஒரு ரோடு வரும், ரெண்டு பக்கமும் மரம். அங்க இவரு கொஞ்சம் முறுக்கினாரு. முறுக்கின ஒடனே இவ விறைச்சுட்டா. தலை பின்னாடி, காலு முன்னாடி, ஆன்னு ஒரு சத்தம். வேனுக்குள்ள கேட்டுச்சுங்க அந்தச் சத்தம். இடுப்புப் பெல்ட்டு லூசா இருந்துச்சா, ஒடம்பு நேராகி அப்படியே கீழ வழுக்கிருச்சு. ஒடம்பு கீழ போனா நெஞ்சுப் பெல்ட்டு எங்க வரும்?

கழுத்துக்கு வந்துருச்சுங்க.

டிரைவர் தம்பி ஆரனை அமுக்கின அமுக்குல அது மறுபடி வேலை செய்யவே இல்லை. இவரு வண்டியை ஓரங்கட்டினதும் நான் ஓடிப் போய் கிளிப்பை அவுத்துத் தூக்கினேன். ஒண்ணும் ஆகல. கழுத்துல சிவப்பா ஒரு கோடு, அவ்வளவுதான்.  பதினாறு வருஷத்துல எத்தனையோ லட்சம் பீஸ் பாத்திருக்கேன், எவன் எவனோ போடற சட்டை. ஒண்ணே ஒண்ணு என்ற புள்ளைக்குன்னு பாஸ் பண்ணினேன், அதுல கோட்டை விட்டேன். ரோட்டோரத்துல உக்காந்து வாய்விட்டு அழுதேன். சொல்ல வெக்கமில்லை.

பாப்பாவும் அழுதா. வேன்ல படுக்க வெச்சதுல இருந்து ஊடு வந்து சேர்ற வரைக்கும், அடுத்த நாளும். பயந்துட்டான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசல. கிளப்புக்காரங்க மட்டும் போய் புரோட்டா தின்னுட்டுத்தான் திரும்பினாங்க. அவங்களை ஒண்ணும் பண்ண முடியாது.

வண்டி இந்த ஊட்டுல இருந்தா நான் இருக்க மாட்டேன்னேன். அவரு பச்சைத் தார்ப்பாயைப் போட்டு மூடிட்டு, அடுத்த நாள்ல இருந்து பஸ்ல வேலைக்குப் போனாரு. ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசம் பாப்பா எவ்வளவு நல்லா இருந்தா தெரியுங்களா? விறைப்பே இல்லை. சாயங்காலம் சத்தம் இல்ல, சோறு மூஞ்சில விழறதில்ல. எங்க போட்டாலும் துணியாட்டம் கெடந்தா. சிரிக்கறது கூட கொறைஞ்சு போச்சு, அவ்வளவு அமைதி. எனக்கு ஒரே பெருமை. ஒரு சனிக்கிழமை இங்க வந்து ஜெசிந்தா மேடம்கிட்ட, பாருங்க மேடம், விறைப்பு எப்படிக் கொறைஞ்சிருக்குன்னு சொன்னேன்.

மேடம் சந்தோசப்படலீங்க. பாப்பா மூஞ்சியவே கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்துட்டு, ஊட்டுல என்ன நடந்துச்சுன்னு கேட்டாங்க. சொன்னேன். பயத்துல விறைச்சுட்டான்னும் சொன்னேன். ஊசி போடறப்ப என்ன பண்ணுவான்னு கேட்டாங்க. ஊசின்னா உதட்டைக் கடிச்சுட்டு மூச்சுக் காட்டாம கெடப்பா மேடம், சத்தமே வராதுன்னேன். நாய் கொரைச்சா? அப்பவும் அப்படித்தான், உதட்டைக் கடிச்சுக்குவான்னேன். சரின்னு மேடம் அவங்க போன்ல தேடி ஒரு பைக் சத்தத்தைப் போட்டாங்க.

ரெண்டு மாசமா துணியாட்டம் கெடந்தவ, பாய்ல இருந்து ஒரு அடி எழும்பிட்டா. அப்படி விறைச்சா.

மேடம் அவ காதுகிட்டக் குனிஞ்சு, பயமா இருக்கா வர்ணிகான்னு கேட்டாங்க. கண்ணை மூடினா. புடிச்சிருக்கான்னு கேட்டாங்க. கண்ணை மேல தூக்கினா. நான் சொன்னேன், மேடம், மேல ஃபேன் ஓடுது, அவ ஃபேனைப் பாக்கறா. மேடம் எந்திரிச்சுப் போய் ஃபேனை ஆஃப் பண்ணிட்டு வந்து மறுபடி கேட்டாங்க. மறுபடி தூக்கினா. உதட்டைக் கடிக்கவே இல்லை. வாயெல்லாம் பல்லு.

இந்த மாதிரிக் குழந்தைங்கள்ல சில பேருக்கு சந்தோசம் வந்தாத்தான் எச்சா விறைக்கும்னாங்க மேடம். ஒடம்பு அதைத் தாங்காம நீட்டிக்குமாம். பத்து வருஷம் இடுப்புல தூக்கிச் சுமந்தது நான், எனக்குச் சொல்லித் தர்றாங்க. கோபமா வந்துச்சு. கூட வந்திருந்த இவரு அந்த மூலைல நின்னுட்டு இளிச்சாரு பாருங்க, அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. ஆறு வருஷமா சாயங்காலம் சாயங்காலம் எதுக்கு இளிச்சாருன்னு. ஏனுங்க, தெரிஞ்சா சொல்ல மாட்டீங்களான்னேன். சொன்னா நீ அம்பு ஒட்டுவியேன்னாரு.

அப்புறம் அவரே சொன்னாரு, தப்பு நம்ம மேல இல்ல கோகிலவாணி, டெஸ்ட்டு மேல. அரிசி மூட்டை விறைக்காதுல்ல. அதுக்கு சந்தோசமெல்லாம் வராது.

மேடம் ஒரு ஸ்டூலைப் போட்டு அவளை உக்கார வெச்சுக் காட்டினாங்க. உங்க தம்பிக்கும் காட்டுவாங்க, நல்லாப் பாத்துக்கங்க. முட்டி இடுப்பை விட ஒசரமா இருக்கோணும். தொடை மடிஞ்சு இருந்தா ஒடம்பு நேராக முடியாது, எவ்வளவு சந்தோசம் வந்தாலும். இடுப்புப் பெல்ட்டு வயித்துக்கு நேரா வரக்கூடாது. சீட்டுக்கு அடில இருந்து கிளம்பித் தொடை மடிப்பு மேல சாய்வா வரோணும். அதைத்தான் இறுக்கோணும், நெஞ்சுல லூசா விடோணும். நான் அப்படியே உல்டாவாப் பண்ணி வெச்சிருந்தேன். வலிக்குமேன்னு பாவம் பாத்து விட்ட லூசுதான் கழுத்துக்கு வந்திருக்கு.

இவரு சீட்டோட முன்பக்கத்தை நாலு விரல்கடை ஒசத்தினாரு. காலுக்குச் செருப்பாட்டம் ரெண்டு தொட்டி செஞ்சு, குதிகால் எந்திரிக்காம வார் போட்டாரு. நான் பெல்ட்டை மறுபடி தைச்சேன். பட்டைத் துணி ஊட்டு மெஷின்ல ஏறல, கம்பெனில சோத்து நேரத்துல டபுள் நீடில் மெஷின்ல போட்டு ஓட்டிட்டு இருக்கேன், மேனேஜர் வந்துட்டாரு. என்ன ஸ்டைலும்மா இது, எந்த நாட்டு பையருக்குன்னாரு. பையர் எங்க ஊட்டுல இருக்கா சார், ரொம்பக் கறாருன்னேன். அவரு நிஜம்னு நெனச்சு டெலிவரி எப்பன்னு கேட்டுட்டுப் போனாரு.

இந்தத் தடவை மூட்டை கிடையாது. பாப்பாவையே உக்கார வெச்சு, வண்டியை வாசல்ல ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, இஞ்சினை மட்டும் முறுக்கினோம். அவ சந்தோசப்பட்டாத்தானே டெஸ்ட்டு? தினம் சாயங்காலம் அரை மணி நேரம் நின்ன எடத்துலயே சவாரி. நான் முன்னாடி நின்னு பாட்டுப் பாடறேன், கோணங்கி பண்றேன், குரங்காட்டம் குதிக்கறேன். தெருவே வேடிக்கை. அவ சிரிச்சுச் சிரிச்சு விறைக்கப் பாக்கறா, தொடை மடிஞ்சே இருக்கு, பெல்ட்டு நவுரல. எட்டு நாள் பாத்தேன். அதுக்கப்புறம் தெருவுக்குள்ள, அப்புறம் அவிநாசி வரைக்கும், அப்புறம் புளியம்பட்டி வரைக்கும். ஒவ்வொரு தடவையும் நான் வேன்ல பின்னாடி. ஒவ்வொரு தடவையும் சின்னதா ஒரு அம்பு ஒட்டினேன். குதிகால் வார் அழுத்துது, தலையணை தாழ்ந்திருக்கு. உண்மையாவே இருந்துச்சுங்க குறை. பதினோரு தடவை இருந்துச்சு.

போன சனிக்கிழமை இங்க வந்திருந்தப்ப இவரு திம்பம் போகோணும்னு ஆரம்பிச்சாரு. இருபத்தேழு வளைவு. ரெண்டு வண்டி முன்னாடி, ரெண்டு வண்டி பின்னாடி, வேகம் முப்பதுக்கு மேல போகறதில்லைன்னு. சரி, வேனைச் சொல்லுங்க, நான் பின்னாடி வர்றேன்னேன். மேடம் பாப்பாகிட்டக் கேட்டாங்க. எதுக்குக் கேக்கறாங்களோ, எனக்கு மேடத்தோட இந்தப் பழக்கம் ஒண்ணுதான் புடிக்காது. அம்மா வேன்ல பின்னாடி வரட்டுமான்னு கேட்டாங்க.

கண்ணை மூடிட்டா.

அவளுக்குத் தூக்கம் வருது மேடம்னு சொன்னேன். மேடம் மறுபடி கேக்கல. பாப்பாதான் கண்ணைத் தொறந்து, என்னை நல்லாப் பாத்துட்டு, மறுபடி மூடினா. கெட்டியா மூடினா. தூங்கறவ அப்படி மூட மாட்டா.

அழுகை வந்துச்சுங்க. பத்து வருஷத்துல அவ என்னை வேண்டாம்னு சொன்னது அதுதான் முதல் தடவை. அதுக்கப்புறம் ஒரு வாரம் யோசிச்சேன். அந்தப் புளியம்பட்டி ரோட்டுல அவ கத்தினது சந்தோசத்துலன்னா, ரெண்டு நாள் அழுதது எதுக்கு? நான் எறக்கினதுக்கு. இப்பவும் வேன்ல நான் பின்னாடி இருந்தா, எப்ப எறக்குவாளோன்னு அவ நெனப்பு பூரா என்ற மேலதான் இருக்கும்.

விடிஞ்சதும் கிளம்பிட்டாங்க. நான்தான் பெல்ட்டு மாட்டினேன். மூணு தடவை இழுத்துப் பாத்தேன். பண்ணாரிக்கு வந்து சாமி கும்பிட்டதா ஒம்பதேகாலுக்குப் போன் வந்துச்சு. எனக்கும் அந்த அம்மனுக்கும் பத்து வருஷமாப் பேச்சுவார்த்தை கிடையாது. இன்னிக்கு மட்டும் எம்பேரையும் சொல்லிக் கும்பிடுங்கன்னேன்.

நீங்க கேக்கறது சரிதான். புள்ளை வரலைன்னா நான் எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கேன்? பட்டைத் துணி மிச்சம் இருந்துச்சு, மேடம்கிட்டக் குடுத்தா யாருக்காச்சும் ஆகும்னு வந்தேன். பஸ்ல ஏறி வந்து பாத்தா துணியை ஊட்டுலயே வெச்சுட்டு வந்திருக்கேன்.

சித்த இருங்க. அவருதான்.

சொல்லுங்க. ம். ம். கழுத்தைப் பாத்தீங்களா? பெல்ட்டு? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ம். என்னது? எறங்க மாட்டேங்கறாளா? ஏன்? அதெல்லாம் வேண்டாம்னு... அவளைக் கேட்டீங்களா. என்ன சொன்னா? ரெண்டு தடவை கேட்டீங்களா? சரி. சரிங்க. தண்ணி குடுத்துட்டு, காலைக் கொஞ்சம் நீவி விட்டுட்டுப் போங்க. இல்ல, நான் அழல. இங்க ஏசித் தண்ணி.

மேல போயிட்டாங்களாம். இருபத்தேழு வளைவும். எறங்கலாம்னு கிளிப்புல கைய வெச்சா உறுமறாளாம். கீழ போய் மறுபடி முதல்ல இருந்து ஏறலாமான்னு இவரு வெளையாட்டுக்குக் கேட்டிருக்காரு, கண்ணை மேல தூக்கிட்டாளாம். வானத்தைப் பாத்திருப்பான்னு சொல்ல எனக்கு வாய் வந்துச்சு. சொல்லல. போகச் சொல்லிட்டேன்.

ஊட்டுல இருக்க முடியலீங்க அம்மணி. அதுதான் நிஜம். துணியும் இல்ல ஒண்ணும் இல்ல. சனிக்கிழமை பத்து மணின்னா இந்தப் பெஞ்சுல, மடில அவளை வெச்சுட்டு உக்காந்தே பழகிப் போச்சு. இன்னிக்குக் கைய எங்க வெக்கறதுன்னு தெரியல.

தம்பியைக் கொஞ்ச நேரம் இப்படிக் குடுங்க. நீங்க போய் வாசல்ல ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. மூஞ்சியப் பாத்தா காலைல இருந்து ஒண்ணும் சாப்பிட்ட மாதிரி இல்ல. இந்த மாதிரிக் குழந்தையை எங்க புடிக்கோணும், எங்க புடிக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்.

வேண்டாமா?

இறுக்கிப் புடிச்சுட்டீங்க பாருங்க. பரவாயில்லீங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். இதே பெஞ்சுல எங்கிட்டயும் எத்தனையோ பேரு கேட்டாங்க. ஒருத்தர்கிட்டயும் குடுத்ததில்லை. நீங்க புடிச்சுக்கங்க. டீயை நான் போய் வாங்கிட்டு வர்றேன். சக்கரை போடலாமுங்களா?